சேலத்திலிருந்து வந்த மேடம்

அரூர் கடைவீதியில் ஒரு நகைக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது யுவராணியின் பார்லர். பெயர் 'குயின் பியூட்டி பார்லர்'. யுவராணி என்று பெயர் இருக்கும்போது கடைக்கு எதற்குக் குயின் என்று யாராவது கேட்டால், "எங்கம்மா எளவரசின்னுதான் வெச்சுது. நானா ப்ரமோஷன் குடுத்துக்கிட்டன்" என்பாள்.

கை சுத்தம். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவள் புருவம் திருத்தினால், அழுதுகொண்டே உட்கார்ந்திருந்த பெண் கண்ணாடியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிடுவாள். காலேஜ் பெண்கள், டீச்சர்கள், தாலுகா ஆபீஸ் அம்மாக்கள் எல்லாரும் வந்தார்கள். கல்யாணப் பெண்கள் மட்டும் வரவில்லை. இந்தத் தொழிலில் காசு இருப்பதே கல்யாணத்தில்தான்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுடையது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. யுவராணி இந்தப் பக்கம். புருவத்துக்கும் மேல் உதட்டுக்கும் தீட்டு கிடையாது. முகூர்த்தத்தன்று பெண்ணின் தலைக்கு மட்டும் உண்டு. இந்தச் சட்டத்தை யார் எழுதியது என்று தெரியாது. ஆனால் அரூரில் எல்லாருக்கும் மனப்பாடம். "நிச்சயத்துக்கு வேணா உன்னக் கூப்டறம்மா, கல்யாணத்துக்கு சேலத்துல இருந்து ஆள் வருது" என்று சிரித்த முகத்தோடு சொல்வார்கள். அந்தச் சிரிப்புக்குப் புருவம் திருத்திவிட்டவளும் இவள்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் கொரோனா வந்து உட்கார்ந்தது.

முதலில் கடையை மூடச் சொன்னார்கள். மூடினாள். சரக்குக் கடையைத் திறந்துவிட்டு, பார்லரைக் கடைசியில் திறக்கச் சொன்னார்கள். திறந்தாள். வந்தவர்கள் எல்லாரும் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார்கள். மேல் உதட்டில் மீசை முளைத்தாலும் யாருக்கு என்ன தெரியப்போகிறது? மூக்குக்குக் கீழே இருந்த வியாபாரம் முழுவதும் அப்படியே போயிற்று. மிச்சம் இருந்தது புருவம். அதற்கும் நூலைப் பல்லில் கடிக்கக்கூடாதாம். நூலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு செய்யப் பழகினாள். ஒரு டீச்சருக்குப் பாதிப் புருவம் போன பிறகுதான் கை வசப்பட்டது. வசப்பட்ட நேரத்தில் இரண்டாவது அலை வந்தது. மறுபடி மூடல்.

கட்டடக்காரர் இந்த முறை காத்திருக்கத் தயாரில்லை. "மருந்துக்கடைக்காரரு குடோனுக்குக் கேக்கறாரும்மா. இனிமே மருந்துக்குத்தான் காலம்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

புருஷன் அறிவழகன் சின்ன டெம்போ ஓட்டுபவன். பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றுவான். காய்கறி வண்டிக்குத் தடை இல்லாததால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. தக்காளி இறக்கிய கையோடு அவன் அரூருக்குப் போய், சுற்றும் நாற்காலி, ஆள் உயரக் கண்ணாடி, மண்டையில் ஆவி அடிக்கும் மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தான். காலனியே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. கண்ணாடி வாசலுக்குள் நுழையவில்லை. வெளியே சாய்த்து வைத்தார்கள். அன்று சாயங்காலம் வரை ஒரு சேவல் அதில் தெரிந்த சேவலோடு சண்டை போட்டது.

யுவராணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அதுக்காச்சும் வேல இருக்குது" என்றாள்.

அந்த வாரத்தில்தான் பாரதி போன் செய்தாள்.

பாரதி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் கிருஷ்ணப்பனின் மகள். அரசு பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. அதற்கப்புறம் பாரதி பெங்களூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். இப்போது வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை. வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். மண்டபம் இல்லை, வீட்டிலேயே, இருபது பேரோடு.

"யுவா, சேலத்துல புக் பண்ணியிருந்த மேக்கப் மேடத்துக்கு பாசிட்டிவ்வாம். எனக்கு உன்ன வுட்டா ஆளில்லடி."

"உங்கூட்டுல ஒத்துக்கிட்டாங்களா?"

பாரதி தொண்டையைச் செருமினாள். "எங்க அத்த இருக்குதே, காசியம்மா அத்த, அதுக்குக் கொரோனான்னா உயிர் பயம். வெளிய இருந்து யாரு வந்தாலும் உச்சந்தல முதல் உள்ளங்கால் வரைக்கும் ஆஸ்பத்திரி கிட்டு போட்டுக்கிட்டுத்தான் வரணும்னு சொல்லிருச்சு. அதான்... சேலத்து மேடமே வராங்கன்னு சொல்லிட்டன். கிட்டு போட்டா யாருக்குடி தெரியப்போவுது?"

யுவராணிக்கு முதலில் கோபம் வந்தது. பின்னாலேயே சிரிப்பு வந்தது. போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும், அம்மா லூர்துமேரி முறத்தைக் கீழே வைத்தாள். கிருஷ்ணப்பன் தோட்டத்தில் பாதி ஆயுசு களை எடுத்தவள்.

"ஏண்டி, அந்தூட்டுப் பொழக்கடையத் தாண்டி நான் ஒரு நா உள்ள போனதில்ல. நீ நடுவூட்டுக்குள்ள போறியா?"

"நான் எங்க போறன்? சேலத்து மேடம் போறாங்க."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா என்னா பண்ணுவாங்க? போலீஸ வரச்சொன்னா, இருபது பேருக்கு மேல இருக்கறத மொதல்ல எண்ணுவான்."

அறிவழகன் குறுக்கே விழுந்தான். "கூலி குடுக்கறாங்களா, இல்ல நெல்லு அளக்கறாங்களா?"

"யோவ், சேலத்து ரேட்டு" என்றாள் யுவராணி. வீட்டில் அதற்குமேல் எதிர்ப்பு இல்லை.

கல்யாணத்தன்று காலையில் ஒரு வினோதம் நடந்தது. காலனியிலிருந்து கிருஷ்ணப்பன் வீடு கூப்பிடு தூரம். ரயில்வே கேட்டைத் தாண்டினால் போதும். ஆனால் சேலத்து மேடம் காலனிப் பக்கமிருந்து வந்தால் நன்றாக இருக்காதே. அதனால் டெம்போ நேர் எதிர்த் திசையில் மொரப்பூர் வரைக்கும் போய், மெயின் ரோட்டில் திரும்பி, சேலத்திலிருந்து வருகிற மாதிரி ஊருக்குள் நுழைய வேண்டும் என்று ஏற்பாடு. வெள்ளைக் கிட்டு, தலைமூடி, கண்ணாடி, இரட்டை மாஸ்க், கையுறை எல்லாம் வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள். அறிவழகன் பக்கத்தில் உட்கார இடமில்லை. மேக்கப் பெட்டியும் அவளும் பின்னால், தக்காளிக் கூடைகளுக்கு நடுவில்.

மொரப்பூர் முக்கில் போலீஸ் தடுத்தது.

"பின்னால என்னா?"

"தக்காளிங்க சார்."

ஏட்டு பின்னால் வந்து தார்ப்பாயைத் தூக்கினார். கூடைகளுக்கு நடுவில் வெள்ளை உருவம் ஒன்று எழுந்து உட்கார்ந்து கும்பிட்டது. ஏட்டு ரோட்டின் அடுத்த ஓரத்தில் போய் நின்றார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"டேய், பேஷண்ட தக்காளியோடயா கொண்டாற?"

"பேஷண்ட் இல்லைங்க சார், பியூட்டி..."

"யாரா இருந்தாலும் போ! போ! நிக்காத!"

இ-பாஸ் எதையும் கேட்கவில்லை. தார்ப்பாயைக்கூட இழுத்து மூடவில்லை. அறிவழகன் முகம் ஊருக்குத் தெரியும் என்பதால் கிருஷ்ணப்பன் வீட்டுக்கு ஒரு தெரு முன்பே அவளை இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

கிருஷ்ணப்பன் வீட்டு வாசலில் காசியம்மா சானிடைசர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயது, கனத்த உடம்பு, கனத்த குரல். அண்ணன் வீட்டு நிர்வாகம் முழுக்க அவள் கையில்தான். அன்று காலையிலிருந்து வெற்றிலை, தேங்காய், மாலை, ஐயர் என்று எதையும் அவள் விடவில்லை. அவள் அடித்த மருந்தில் ஐயரின் பஞ்சாங்கம் நனைந்து, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க மேடம், வாங்க!" என்று யுவராணிக்கு மேலும் கீழும் அடித்தாள். "பாக்க டாக்டரம்மா மாரியே இருக்கீங்க. உள்ள வாங்க."

யுவராணி வலது காலை எடுத்து வைத்து நடுவீட்டுக்குள் போனாள். பெரிய வீடுதான். ஆனால் பிறந்ததிலிருந்து வெளியே நின்று பார்த்தபோது, உள்ளே வேறு என்னவோ இருக்கிறது என்று நினைத்திருந்தாள். டிவி, பீரோ, போன வருஷத்துக் காலண்டர், ஒரு மூலையில் வெங்காய மூட்டை. இவ்வளவுதானா என்று இருந்தது.

பெண்ணின் அறையில் மின்விசிறிக்குக் கீழே அவளுக்கு நாற்காலி போட்டார்கள். யுவராணியின் கண்ணைப் பார்த்ததும் பாரதி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாள். யுவராணி வேலையை ஆரம்பித்தாள். காசியம்மா எட்ட நின்று பேச்சுக் கொடுத்தாள்.

"சேலத்துல எங்கங்க மேடம்?"

"அஸ்தம்பட்டிங்க."

"நல்ல ஏரியா. நீங்க என்னா ஆளுங்க?"

சேலமோ செவ்வாய்க் கிரகமோ, இந்தக் கேள்வி வந்துவிடும் என்று யுவராணிக்குத் தெரியும். இரட்டை மாஸ்க்குக்குள் இருந்து, "ம்ம்ம்ம்ங்க" என்றாள்.

"அதான பாத்தன்!" காசியம்மாவுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. "நம்ம ஆளுங்கதான்னு கைய வெச்சப்பவே நெனச்சன். அந்தக் கைராசி வேற யாருக்கு வரும்? பாரதி, பாத்தியா, நம்ம ஆளுங்க கை வெச்சதும் மொகம் எப்படி வெளிச்சமாவுது!"

பாரதியின் தோள் குலுங்கியது. "அழுவாதடி கண்ணு, மை கலைஞ்சிரும்" என்றாள் அத்தை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முகம் முடிந்தது. உதடு முடிந்தது. இடது கண் முடிந்தது. அந்தக் கண்ணை அவள் அனுபவித்துப் போட்டாள். இத்தனை வருஷம் யாரும் கேட்காத கல்யாணக் கண். இமைமேல் தங்கம், ஓரத்தில் அரக்கு, மையின் வால் நெற்றிப்பொட்டை நோக்கி ஏறிப் போனது. பாரதிக்கு அப்படி ஒரு கண் இருப்பது அவளைப் பெற்றவர்களுக்கே தெரிந்திருக்காது.

வலது கண்ணுக்குப் பிரஷ்ஷை எடுத்தபோது கரண்ட் போனது.

வைகாசி வெயில். அந்த அறைக்குத் தகரக் கூரை. உள்ளே பிளாஸ்டிக் உறையில் யுவராணி. முதலில் முதுகில் வேர்வை ஓடியது, அப்புறம் காலுறைக்குள் தேங்கியது. கண்ணாடி ஆவி பூத்துப் பாரதி புகைக்குள் போனாள். பிரஷ் எங்கே, கண் எங்கே என்று தெரியவில்லை. காது அடைத்தது. சுவர் சாய்ந்தது. கீழே விழுந்தால் பெண்ணின் மேல்தான் விழ வேண்டும் என்ற நிலையில் யோசிக்க நேரமில்லை. கண்ணாடியைப் பிய்த்தாள். தலைமூடியைப் பிய்த்தாள். இரண்டு மாஸ்க்கையும் இழுத்துத் தாடையில் விட்டுக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அதே நேரத்தில், "மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்தாச்சு, இன்னுமா ஆவல?" என்று கேட்டுக்கொண்டே கிருஷ்ணப்பன் கதவைத் திறந்தார். திறந்தவர் நின்றார்.

"ஏ... நீ லூர்துமேரி மவ தான?"

காசியம்மாவின் கையில் சானிடைசர் பாட்டில் தூக்கியபடி நின்றது. எதன் மேல் அடிப்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஆமாங்க அங்கிள்" என்றாள் யுவராணி. அவரை அவள் அம்மா வேறு எப்படியோ கூப்பிடுவாள். அங்கிள் என்ற வார்த்தையில் அவர் ஒரு அடி பின்வாங்கினார்.

"அஸ்தம்பட்டின்னு சொன்னியேடி!" காசியம்மாவுக்கு மெதுவாகத்தான் குரல் வந்தது. வெளியே மாப்பிள்ளை வீட்டார். "நம்ம ஆளுங்கன்னியே!"

"நான் ம்ம்னுதாங்க சொன்னன். மிச்சத்த நீங்களே சொல்லிக்கிட்டீங்க."

"அப்பா, நாந்தான் கூப்ட்டன்..." என்று பாரதி எழுந்தாள்.

"நீ வாயத் தொறக்காத, லிப்ஸ்டிக் இன்னும் காயல" என்றாள் யுவராணி. பாரதி உட்கார்ந்துவிட்டாள். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. யுவராணி அதையும் கவனித்தாள்.

கிருஷ்ணப்பன் நெற்றியைத் துடைத்தார். காசியம்மா அவர் காதில் என்னவோ சொன்னாள். பிறகு யுவராணியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "ஆனது ஆச்சு. அந்தக் கிட்ட மறுபடியும் மாட்டிக்கிட்டு வேலைய முடிச்சிட்டுப் போவச் சொல்லு. எங்களுக்கு ஒன்னும் தெரியாது. நாங்க ஒன்னும் பாக்கல."

யுவராணிக்கு அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. ஏமாற்றி உள்ளே வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. இப்போது அது போய்விட்டது. தெரியாமல் ஏமாந்தவர்களாக இருந்தாலாவது பரவாயில்லை. தெரிந்த பிறகும் ஏமாந்த மாதிரியே இருக்கிறோம் என்கிறார்களே.

"மாட்ட மாட்டங்க" என்றாள்.

"என்னாது?"

"அந்தப் பையிக்குள்ள மறுபடி போனா செத்துருவன். மாஸ்க் ஒன்னு போதும். மொகம் தெரிய நின்னுதான் முடிப்பன். மணையில பொடவ மடிப்பு எடுக்கறதுக்கும் நாந்தான் நிப்பன், அது இல்லாம அந்தப் பட்டு நிக்காது. வேணாம்னா சொல்லிடுங்க, பெட்டிய எடுத்துக்கிட்டு இப்பவே கெளம்பறன். ஒரு கண்ணு போதும்னா போதும்."

எல்லாரும் பாரதியைப் பார்த்தார்கள். இடது பக்கத்திலிருந்து பார்த்தால் கோபுரத்துச் சிற்பம். வலது பக்கத்திலிருந்து பார்த்தால் ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்காமல் எழுந்து வந்த பெண். நேராகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து பயமாக இருந்தது.

"அரக்கு வெச்சத தொடச்சிட்டு நாமளே..." என்று காசியம்மா தொடங்கினாள்.

"தண்ணில போவாதுங்க. எண்ண வெச்சித் தேய்ச்சா மொகம் பூரா எறங்கும்" என்றாள் யுவராணி. அது நிஜம்தான்.

அப்போது கதவிடுக்கில் ஒரு தலை நுழைந்தது. மாப்பிள்ளையின் தங்கை பூவிழி. கல்யாணத்துக்காக மூன்று வளையல் பெட்டியோடு வந்திருப்பவள். யார் யாரோ கோபமாக நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை. பாரதியின் இடது கண்தான் பட்டது.

"ஐயோ அண்ணி! என்னா சூப்பரா இருக்குது!" உள்ளே வந்து யுவராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அக்கா, எனக்கும் இதே கண்ணு போட்டுவுடுங்கக்கா. எங்கம்மாவுக்கும். மொதல்ல எங்கம்மாவுக்கு, இல்லன்னா அது கோச்சிக்கும்."

சம்பந்தி அம்மாவின் கண் என்றதும் கிருஷ்ணப்பன் முடிவெடுத்தார். அவர் நியாயத்தை எடைபோட்டார் என்று சொல்ல முடியாது. சம்பந்தியம்மாவைத்தான் எடைபோட்டார். "சரி, ஆவட்டும். ஆபத்துக்குப் பாவமில்ல" என்று எங்கேயோ பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

கரண்டும் வந்தது. யுவராணி கிட்டைக் கழற்றி மூலையில் போட்டாள். நனைந்துபோன சுடிதாரோடு, ஒரே ஒரு மாஸ்க்கோடு, வலது கண்ணைப் போட்டாள். வேர்வையில் பிரஷ் வழுக்கியதால் இடதுபோல அவ்வளவு நேர்த்தியாக வரவில்லை. அவளுக்கு மட்டும் தெரியும். சம்பந்தி அம்மாளுக்குப் போட்டாள், பூவிழிக்குப் போட்டாள். மணைக்குப் பக்கத்தில் நின்று, தாலி ஏறும்போது பாரதியின் கொசுவத்தைப் பிடித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் நாலைந்து பேருக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயைத் திறப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பும்போது, பெண்ணின் அறையில் காசியம்மா ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக நின்று தெளித்துக்கொண்டிருந்தாள்.

யுவராணி வாசற்படியில் நின்றாள். "இது கொரோனாவுக்குங்களா, எனக்குங்களா?"

காசியம்மா மறைக்கவில்லை. "ரெண்டுக்குந்தான்."

"அப்ப அந்த ஜன்னல்கிட்டயும் நல்லாத் தெளிங்க. அங்கதான் ரொம்ப நேரம் நின்னன்."

காசியம்மா ஜன்னலைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள். தெளிக்கத்தான் செய்தாள். ஆனால் அந்தக் கை முன்னைப்போல வீசவில்லை.

வீட்டுக்குப் போகும்போது டெம்போ மொரப்பூரைச் சுற்றவில்லை. கேட்டைத் தாண்டி நேராகவே போனது. அன்று ராத்திரி சாப்பிடும்போது யுவராணி கொஞ்சம் அழுதாள். எதற்கு என்று அறிவழகன் கேட்டான். "வேப்பெலைக்கு" என்றாள். அவள் தட்டில் அவன் இன்னொரு கரண்டி சோறு போட்டான்.

பாரதி பெங்களூர் போன பிறகு கல்யாணப் படங்களை ஸ்டேட்டஸில் போட்டாள். கீழே யுவராணியின் பெயரும் போன் நம்பரும். சேலத்து மேடம் என்று எங்கேயும் இல்லை. அவ்வளவு தைரியம் வர அவளுக்கு இருநூறு கிலோமீட்டர் தேவைப்பட்டது என்று யுவராணி சொல்லிச் சிரித்தாள். ஆனால் போட்டாளே என்றும் சொன்னாள்.

பூவிழியின் ஊர்ப் பக்கமிருந்து முதல் கல்யாணம் வந்தது. அதிலிருந்து இரண்டு. ஊரடங்கு தளர்ந்தபோது அரூர்க் கட்டடக்காரர் கூப்பிட்டார். மருந்துக்கடைக்காரர் குடோனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டாராம். யுவராணி போகவில்லை. வீட்டு முன்னால் தகர ஷீட் போட்டு, அகலமாக வாசல் வைத்து, பார்லரைக் காலனியிலேயே திறந்தாள்.

போர்டு எழுத வந்தவன் தலையைச் சொறிந்தான். "அக்கா, காலனின்னு போடணுமா? 'நகர்'னு போட்டுடலாமே, எடுப்பா இருக்கும்."

"காலனின்னே போடு. பெருசா போடு. இல்லன்னா வரவங்க வழி கேட்டுக்கிட்டு நிப்பாங்க."

ஒரு மாசம் ஈ ஓட்டினாள். கூப்பிட்ட வீடுகளுக்குப் போய்வந்தாள். ஊரிலிருந்து ஒருவரும் கேட்டைத் தாண்டி வரவில்லை. இரண்டாவது மாசத்தில் ஒரு நாள் மத்தியானம், வெயில் உறைத்துக் காலனியே கண்ணயர்ந்திருந்த நேரம், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு அம்மாள் வந்து பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். உள்ளே ஒரு பெண்ணுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்த யுவராணி, "இருங்க, வந்தர்றன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முக்காடு வந்து பெஞ்சின் அடுத்த முனையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது.

இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஒரே சந்தையில், ஒரே நாளில் வாங்கிய செருப்பு. ஒரே வீட்டு ஓரகத்திகள்.

"நீ எங்கடி இங்க?" என்றது முதல் முக்காடு.

"ஆட்டுக்குட்டி வெலைக்கு இருக்குதுன்னாங்க. அதான் பாக்கலாம்னு." இரண்டாவது முக்காடு இன்னும் கீழே இறங்கியது. "நீங்கக்கா?"

"நானும் அந்தக் குட்டியத்தான் பாக்க வந்தன்."

காலனியில் அன்று ஒருவர் வீட்டிலும் விற்கிற குட்டி இல்லை. யுவராணி முடி வெட்டிய பெண்ணை அனுப்பிவிட்டு, நாற்காலியைத் தட்டி உதறி, நூல்கண்டை எடுத்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினாள்.

"ரெண்டு பேருல யாருங்க மொதல்ல?"